மணமாகாதவன் என்று ஒரு பத்திரம்

பத்மஜா கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டாள். முப்பத்துநான்கு வருடம் வங்கியில் இருந்தவள். கொல்கத்தாவுக்குள் நான்கு கிளைகள், ஹவுராப் பக்கம் ஒன்று, நடுவில் தண்டனை மாதிரி கரக்பூர் ஒன்று. எங்கே போனாலும் இந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். பத்மஜாதி, அதாவது பத்மஜா அக்கா, கையெழுத்து இருந்தால் ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே புரட்டிவிடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பாதி மெச்சுதல், பாதி எரிச்சல்.

கரக்பூருக்குப் போனதே ஒரு கையெழுத்தால்தான். சாந்த்ராகாச்சிக் கிளையில் இருந்தபோது ஒரு நவம்பர் மாதம், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் மகன், ஆள் உயிரோடிருப்பதாகப் பென்ஷனுக்குக் கொடுக்கும் லைஃப் சர்டிஃபிகேட் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா படுத்த படுக்கை, நடக்க முடியாது, நீங்கள் பார்த்ததாகப் போட்டுக் கொடுத்தால் போதும் மாசிமா என்று சித்தி முறை வைத்துக் கேட்டான். மேலாளரும் கண்ணாலேயே போட்டுவிடச் சொன்னார். பத்மஜா சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிள் ரிக்ஷா பிடித்து, ரயில்வே யார்டைத் தாண்டி அந்த வீட்டைத் தேடிப் போனாள். கூடத்தில் மாலை போட்ட படம் தொங்கியது. கிழவர் செத்து நாலு மாதமாகியிருந்தது. அவள் திரும்பி வந்து படிவத்தின் குறுக்கே கோடு போட்டு, என்ன பார்த்தாளோ அதை எழுதி வைத்தாள். அந்தப் பையனுக்கு மேலாளர் தூரத்து உறவு என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாற்றல் பட்டியலில் அவள் பெயர் கரக்பூருக்கு நேரே இருந்தது. மூன்று வருடம் லோக்கல் ரயிலில் போய்வந்தாள். அப்போது மகன் அக்ஷய்க்கு ஆறு வயது.

அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்தான். அப்பா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து தேயிலைக் கம்பெனி வேலைக்காக வந்தவர். பத்மஜாவுக்கு வங்காள மொழி தமிழைப் போலவே நாக்கில் ஓடும். கணவர் சிவராம் கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தார். அக்ஷய் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அதன் பிறகு பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் அம்மாவும் பிள்ளையும். பிள்ளை படித்து, செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலையில் சேர்ந்து, நாலு வருஷம் கழித்து நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊருக்குப் போனான். அம்மா ஓய்வு பெற்றாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஜூன் மாதம் அக்ஷய் வீடியோவில் கூப்பிட்டு, அன்னெக்கே என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். பத்மஜாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு முப்பது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறான், யாரோ ஒருத்தி இருந்தால் சரி என்று இரண்டு நாளில் மனசைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"மா, இங்க முனிசிபாலிட்டில ரெண்டு டாக்குமெண்ட் கேக்கறா. ஒண்ணு பர்த் சர்டிஃபிகேட். இன்னொண்ணு நான் அன்மேரீட்னு ஒரு அஃபிடவிட். பேரண்ட் சைன் பண்ணினா போதும். ரெண்டுலயும் அபோஸ்டில் ஸ்டிக்கர் வேணும்."

"நான் வரலாமோ கல்யாணத்துக்கு?"

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாம் மா. ஃபர்ஸ்ட் பேப்பர் வரட்டும்."

அபோஸ்டில் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வங்கி வாடிக்கையாளர்களின் காகிதங்களில் பார்த்திருக்கிறாள். நம் ஊர்க் காகிதத்தை வெளிநாட்டுக்காரன் ஏற்றுக்கொள்வதற்காக வெளியுறவு அமைச்சகம் அதன் முதுகில் ஒட்டித் தருகிற சின்னச் சதுர வில்லை. அதற்கு முன்னால் நோட்டரி, நோட்டரிக்கு மேல் மாநில உள்துறை என்று படிப்படியாக ஏறவேண்டும். இதற்கெல்லாம் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பத்மஜா ஏஜென்ட் வேண்டாம் என்றாள். தன் பிள்ளையின் காகிதம் யார் யார் கையிலோ போவதை அவள் விரும்பவில்லை.

பிறப்புச் சான்றிதழே ஒன்றரை மாதத்தைத் தின்றது. பழைய சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லை. ஆண் குழந்தை, தாய் பத்மஜா என்று மட்டும் நர்சிங்ஹோம்காரன் எழுதி அனுப்பியிருந்தான். முப்பது வருஷமாக அதை யாரும் கவனிக்கவில்லை. பெயர் சேர்க்கப் போனால் கவுன்ட்டரில் இருந்த பெண், "டைட்டில் கீ, மாசிமா?" என்று கேட்டாள். இந்த ஊரில் குடும்பப் பெயருக்கு டைட்டில் என்றுதான் பெயர். எங்களுக்கு டைட்டில் கிடையாது, அப்பா பேரைத்தான் போட்டுக்கொள்வோம் என்று பத்மஜா வங்காள மொழியில் விளக்கினாள். டைட்டில் இல்லாமல் மனுஷன் எப்படி இருப்பான் என்பது போல அந்தப் பெண் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் அக்ஷய் சிவராம், பள்ளிச் சான்றிதழில் எஸ். அக்ஷய், ரேஷன் கார்டில் அக்ஷய் ஐயர். மூவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழி எழுதி, அதற்கும் முத்திரை வாங்கி, ஆறு தடவை நடந்து, ஜூலைக் கடைசியில் பெயர் ஏறிய சான்றிதழ் கைக்கு வந்தது. மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து பாதம் புண்ணாகியிருந்தது. பிள்ளைக்கு ஒரு காரியம் நடக்கிறது என்ற நினைப்பில் அதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு அஃபிடவிட். அலிப்பூர் கோர்ட்டுக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் உட்காரும் வயதான நோட்டரி ஒருவர் வாசகத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். "என் மகன் இன்றுவரை எவரையும் சட்டப்படியோ சடங்குப்படியோ மணந்ததில்லை என்று என் நேரடி அறிவின்படி உறுதி கூறுகிறேன்." பத்மஜா அதை இரண்டு முறை படித்தாள். நேரடி அறிவு என்ற இடத்தில் விரல் நின்றது. எந்தத் தாய்க்கு இதில் நேரடி அறிவு இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

"பையனைத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும்" என்றார் நோட்டரி.

அக்ஷயின் நெருங்கிய நண்பன் ரிஷி. ஒரே ஆபீசில் வேலை பார்த்தவன், வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிறவன். பத்மஜா கூப்பிட்டதும் வருகிறேன் ஆன்ட்டி என்றான். வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை அவளே அவன் ஆபீஸ் வாசலுக்குப் போனாள். தேநீர்க் கடையில் நின்றார்கள். அவன் மண் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, இதுல நான் சைன் பண்ண முடியாது. நீங்க அக்ஷய்ட்ட கேளுங்கோ."

பத்மஜாவுக்கு அந்தப் பார்வை தெரியும். கடன் கேட்க வந்து, எதையோ மறைத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கீழே பார்ப்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். இளையவர்களுக்கு அவளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அன்று அவள் கேட்கவில்லை. "சரிப்பா, உனக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அக்ஷயிடமும் கேட்கவில்லை. ரிஷிக்கும் அவனுக்கும் ஏதாவது மனஸ்தாபம் இருக்கும் என்று தானே ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் இஸ்மாயில் குடும்பம். காயல்பட்டினத்துக்காரர், சாந்தினியில் கடை வைத்திருக்கிறவர். அக்ஷய் தவழ்ந்த காலத்திலிருந்து அவனைப் பார்த்திருக்கிறார். பத்மஜா காகிதத்தை நீட்டியதும் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதாம்மா. எங்கெ போடணும்?"

அவரோடு அலிப்பூர் போய், நோட்டரியின் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு உள்துறைக் கவுன்ட்டர், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் கிளை. ஆகஸ்ட் நடுவில் இரண்டு காகிதங்களின் முதுகிலும் வில்லை ஏறிவிட்டது. கூரியரில் அனுப்பினாள். அக்ஷய் 'தேங்க்ஸ் மா' என்று எழுதி ஒரு இதயப் படம் போட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு மணி அடித்தது. வாசலில் ஒரு பெண், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்மஜாவுக்கு முகம் தெரிந்தது. சாய்பிரியா. சேலம் பக்கம் ஆத்தூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் துர்கா பூஜை சமயத்தில் அக்ஷய் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தபோது வந்திருந்தாள். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்பது வரை ஞாபகம் வந்தது.

"உக்காரும்மா."

"பரவால்லைங்க."

அவள் நின்றுகொண்டே பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திருமணச் சான்றிதழ். இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பர். அக்ஷய் சிவராம், சாய்பிரியா இராஜமாணிக்கம். திருமண அதிகாரியின் கையெழுத்து, சாட்சிகள் மூவர். அதில் ஒன்று ரிஷியின் கையெழுத்து.

"திருப்பிப் பாருங்க" என்றாள் சாய்பிரியா.

முதுகில் அதே வில்லை இருந்தது.

"அவர் அங்க போறதுக்கு முந்தி எடுத்தது. ஸ்பௌஸ் விசாவுக்கு வேணும்னு அவரேதான் அலைஞ்சு வாங்கினார். ஆறு மாசத்துல கூட்டிக்கிறேன்னார். அப்புறம் லாக்டவுன். அப்புறம் போன் குறைஞ்சுது. போன வருஷத்துலருந்து எடுக்கறதே இல்லைங்க."

பத்மஜா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரிஷிதான் சொன்னான். நீங்க அவன்கிட்ட சாட்சிக்குப் போனீங்களாமே. கல்யாணமே ஆகலைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களாமே." சாய்பிரியா அழவில்லை. குரல்கூட உயரவில்லை. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா" என்றாள் பத்மஜா. சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயிலேயே கசந்து நின்றது. தேநீர்க் கடையில் ரிஷி குவளைக்குள் பார்த்தது கண்முன்னால் வந்தது.

"அவர் திரும்பி வரணும்னு நான் கேக்கலைங்க. அந்த ஆசையெல்லாம் போயிருச்சு. முறைப்படி டிவோர்ஸ் பண்ணிக் குடுக்கட்டும், நானே கையெழுத்துப் போடறேன். அதை விட்டுட்டு நடக்கவே இல்லைன்னு எழுதினா, மூணரை வருசமா எங்கப்பா பாத்த மாப்பிள்ளையெல்லாம் நான் எதுக்குங்க வேண்டாம்னேன்? நான் யாருங்க அப்ப?"

பத்மஜா எழுந்து நின்றாள். காபி போடட்டுமா என்று கேட்டாள். சாய்பிரியா சான்றிதழை உறைக்குள் வைத்துக்கொண்டு, நகல் ஒன்றை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மாலை நாலரை மணிக்கு, அங்கே ஒரு மணி ஆகியிருக்கும், பத்மஜா பிள்ளையைக் கூப்பிட்டாள். சான்றிதழில் இருந்த தேதியை மட்டும் சொன்னாள். 

"மா, அது ஒரு பேப்பர் மா. நாங்க சேர்ந்து இருந்ததே மூணு மாசம்கூட இல்ல. டிவோர்ஸ் கேஸ் போட்டா அங்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். எனக்கு டைம் இல்ல. அன்னெக்கே ப்ரெக்னன்ட். நவம்பர்ல டியூ."

பேரக்குழந்தை வரப்போகும் செய்தியை அவள் அப்படித்தான் கேட்டாள்.

"என்கிட்ட ஏன்டா சொல்லலை? அந்தப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டதை?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துண்டிருப்பியா மா? நெஜமா சொல்லு. ஆத்தூர்லேர்ந்து ஒரு பொண்ணு, நம்மவா இல்ல. வெள்ளைக்காரின்னா பரவாயில்ல, சொந்தக்காராட்ட சொல்லிக்கலாம். இது அப்படி இல்லையே."

 அது பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அதுவும் பேப்பர், இதுவும் பேப்பர்னா, என்னை எதுக்கு இதுல சத்தியம் பண்ண வெச்சே?"

"மா, லன்ச் டைம்ல கெஸ்ட் வந்திருக்கா. அப்பறம் பேசறேன்." அவன் வைத்துவிட்டான்.

அடுத்த நாள் காலை அவள் அலிப்பூர் போனாள். தெரியாமல் கொடுத்த பத்திரத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்று நோட்டரியிடம் கேட்டாள். கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ரத்து என்று ஒன்று கிடையாது, உண்மை இன்னதென்று இன்னொரு உறுதிமொழி கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் முதலில் கொடுத்தது பொய் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும், யாராவது வழக்குப் போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான் என்றார். பிறகு, சாதாரணமாகத்தான், வங்காள மொழியில் கேட்டார்.

"ஒன்று கேட்கிறேன் மாசிமா. உங்கள் பையன் அங்கேயே நம் தூதரகத்தில் தன் பேரில் இதை எழுதிக் கொடுத்திருக்கலாமே. என்னிடம் வருகிறவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உங்களை எதற்கு இழுத்தான்?"

பத்மஜா எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை பொய் சொன்னதைவிட இதுதான் அவளை அடித்தது. அவன் தன் கையெழுத்தை இந்தப் பொய்யின் கீழ் வைக்கப் பயந்திருக்கிறான். நாளைக்கு ஏதாவது என்றால், எனக்குத் தெரியாது, அம்மா எழுதிக் கொடுத்தது என்று சொல்லலாம். அதற்காக, ஊரில் யாரும் சந்தேகப்படாத ஒரு கையெழுத்தைத் தேடியிருக்கிறான். அதைத் தேட அவன் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தாள். அக்டோபரில் கல்யாணம் நடக்கும், நவம்பரில் குழந்தை பிறக்கும், விசா வரும், போய்ப் பேத்தியையோ பேரனையோ தூக்கலாம். சாய்பிரியா எங்கேயாவது வழக்குப் போட்டுக்கொண்டு கிடப்பாள். இரண்டாம் நாள் சாயந்திரம் வரைக்கும் அவள் அந்த முடிவில்தான் இருந்தாள் என்பதைப் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் மேஜைமேல் கிடந்த நகலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மணமகளின் வயது என்ற இடத்தில் இருபத்தைந்து என்று போட்டிருந்தது.

நான்காம் நாள் கீழே போய் இஸ்மாயிலிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்ததும் தாடியைத் தடவினார்.

"நான் ஹஜ்ஜு செஞ்சுட்டு வந்தவன்மா. என்னையப் பொய்ச் சாட்சி சொல்ல வச்சிட்டீங்களே."

"எனக்குத் தெரியாது பாய்."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தானே நான் படிக்காம போட்டேன்."

அவர் மறுபடி அலிப்பூர் வந்தார், இரண்டாவது பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு பக்ரீத்துக்கு அவர் வீட்டிலிருந்து இவளுக்கென்று தனியாக வரும் இனிப்பு நின்றுபோனது.

முதல் பத்திரத்துக்கு இருந்த தடங்கல் எதுவும் இரண்டாவதற்கு இல்லை. எந்தக் கவுன்ட்டரில் எந்த நகல், எந்த மணிக்கு டோக்கன் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம். உள்துறையில் மூன்று நாள். அமைச்சகக் கிளையில் இருந்த இளைஞன் அவளை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான்.

"போன மாசமும் வந்தீங்கல்ல ஆன்ட்டி? அதே பேருக்கா?" என்று இந்தியில் கேட்டான்.

"அதே பேருக்குத்தான். போன தடவை கல்யாணம் ஆகலைன்னு கொடுத்தேன். இது ஆயிடுத்துன்னு." அவளும் இந்தியில் சொன்னாள்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நாங்க பாக்கறதில்லை ஆன்ட்டி. கீழ கையெழுத்துப் போட்ட அதிகாரி நெஜமான அதிகாரியான்னு மட்டும்தான் பாப்போம்" என்றான். வில்லையை ஒட்டி, விளிம்பைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு நீட்டினான்.

பத்மஜா அதையும் சாய்பிரியா விட்டுப்போன நகலையும் ஒரே உறையில் வைத்து, ஐந்தோவன் முனிசிபாலிட்டி முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினாள். அனுப்பிய அன்றைக்கே பிள்ளைக்கும் ஒரு செய்தி போட்டாள். என்ன செய்திருக்கிறாள் என்பதை அவன் வேறு யார் வழியாகவும் தெரிந்துகொள்ளக்கூடாது என்று நினைத்தாள்.

அவன் உடனே கூப்பிட்டான். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "நீ என் அம்மாவா, இல்ல பேங்க்கா?" என்றான். அன்னெக்கே அங்கே பக்கத்தில் அழுவதும் கேட்டது. கடைசியில் அவன் குரல் தணிந்து, "சின்ன வயசுல உனக்காக ஜன்னல்ல நிப்பேன். கரக்பூர்லேர்ந்து நீ வர்ற வரைக்கும். அப்பவும் உனக்கு உன் கையெழுத்துதான் முக்கியம்" என்றான். அதோடு அவள் எண்ணைத் தடுத்துவிட்டான்.

முனிசிபாலிட்டி கல்யாணத்தை நிறுத்தி வைத்தது. அன்னெக்கேயிடமிருந்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் தெரிந்துகொள்ளவேண்டியது இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு வரி. பத்மஜா நாலு விதமாகப் பதில் எழுதி அழித்தாள். கடைசியில், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று அனுப்பினாள். அதற்கு மறுபதில் வரவில்லை. அந்தப் பெண் அவனை விட்டுப் போகவும் இல்லை. நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகாவிட்டாலும் அந்த ஊரில் அப்பா பெயரைப் பதிவு செய்ய வழியிருக்கிறதாம், பதிந்துவிட்டார்களாம். ரிஷிதான் சொன்னான். குழந்தையின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. சொல்லக்கூடாது என்று அக்ஷய் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். பத்மஜா வற்புறுத்தவில்லை.

சென்னையிலிருந்து நாத்தனார் ஜலஜா போன் செய்தாள். "எவளோ ஒருத்திக்காகப் பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்துட்டியே மன்னி. அண்ணா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?" என்றாள். உன் அண்ணா இருந்திருந்தால் அந்த இரண்டாவது பத்திரத்தில் நானும் அவருமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்போம் என்று பத்மஜா சொன்னாள். ஜலஜாவுக்கு அது புரியவில்லை. அந்தப் பக்கத்து உறவெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டது.

இத்தனை செய்தும் சாய்பிரியாவுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், அதுவும் ஒன்றுமில்லை. இருவரும் சம்மதித்தால் விவாகரத்து சீக்கிரம் கிடைத்திருக்கும். அதற்கு அக்ஷய் நேரில் வரவேண்டும், அல்லது தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம் ஒன்றை அனுப்பவேண்டும். கல்யாணம் நின்ற பிறகு அவனுக்கு அவசரம் போய்விட்டது. வேண்டுமென்றால் அவளே கேஸ் போட்டுக்கொள்ளட்டும் என்று ரிஷியிடம் சொல்லிவிட்டான். அவள் அலிப்பூர் கோர்ட்டில் போட்டாள். சம்மன் டெல்லி வழியாக அவன் ஊர் வரைக்கும் போகவேண்டியிருந்தது. முதல் முறை வீட்டு எண்ணில் ஒரு எழுத்து குறைகிறது என்று திரும்பியது. இரண்டாம் முறை, மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை என்று ஒன்பது மாதம் கழித்துத் திரும்பியது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்மஜா போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் சாட்சி சொல்கிறேன் என்று வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். சாய்பிரியா அவளைப் பார்த்தால் தலையசைப்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மார்ச்சில் ஒரு வாய்தாவுக்கு சாய்பிரியாவின் அப்பா இராஜமாணிக்கம் வந்திருந்தார். பவர்லூம் வைத்திருந்தவர், ஒல்லியான மனிதர். இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. நீதிபதி விடுப்பு என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. வராந்தாவில் அவர் நேராக பத்மஜாவிடம் வந்தார்.

"நீங்கதான் அந்தப் பையனோட அம்மாங்களா?"

"ஆமாம்."

"பேங்க்ல பெரிய உத்தியோகத்துல இருந்தவங்கன்னு பாப்பா சொல்லுச்சு. ரெண்டாவதா மாத்தி எழுதிக் குடுத்தீங்களாம், அதையும் சொல்லுச்சு." அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "மொதல்ல கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப ஒரு வார்த்தை விசாரிக்கணும்னு தோணலைங்களா?"

சாய்பிரியா, "அப்பா, விடுங்க" என்றாள்.

"தோணித்து" என்றாள் பத்மஜா. "கேக்கலை. கேட்டா பதில் வந்துடும்னு பயம்."

இராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சாய்பிரியா மட்டும் நின்றாள். அவளுக்கு இப்போது முப்பது வயது. முன்நெற்றியில் இரண்டு நரை தெரிந்தது. பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போவதாகவும், வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாள்.

"நீங்க இனிமே வரவேண்டாங்க."

"சாட்சிக்கு வேண்டியிருக்குமேம்மா."

"வேணும்னா வக்கீல் கூப்பிடுவார். நீங்க செஞ்சது எனக்குத் தெரியும்ங்க. ஆனா உங்களைப் பாத்தா அவர் மூஞ்சிதான் தெரியுது. கண்ணும் மூக்கும் அப்படியே இருக்கு. என்னால முடியலைங்க."

பத்மஜா சரி என்றாள். படியில் நின்று அப்பாவும் மகளும் ஆட்டோ பிடிப்பதைப் பார்த்தாள். ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்றான், அடுத்தவன் வந்தான்.

அதன் பிறகு அவள் அலிப்பூர் பக்கம் போகவில்லை. வக்கீல் வருஷக் கடைசியில் ஒருமுறை போன் செய்து, மூன்றாவது சம்மன் போயிருப்பதாகவும் இன்னும் தகவல் இல்லை என்றும் சொன்னார். வழக்கு நிலுவையில் இருக்கிறது.